வீட்டுக் கருவியில் 4.6, ஆய்வகத்தில் 3.7: எதை நம்புவது?

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் உங்கள் அம்மாவுக்கு வீட்டுக் கருவியில் விரல் குத்திப் பார்த்ததில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்) 4.6, அதே காலை ஆய்வகத்தில் 3.7. கருவி கெட்டுவிட்டதா என்கிறீர்கள். அப்படித் தெரியவில்லை. ஐ.என்.ஆர். 2 முதல் 3.5 வரை இருக்கும்போது இரண்டுக்கும் 0.5 வரை வித்தியாசம் வருவது சகஜம். 4ஐத் தாண்டினால் கருவி பெரும்பாலும் கூட்டியே காட்டும். அதனால்தான் உயர்ந்த அளவை ஆய்வகத்தில் உறுதிசெய்யச் சொல்கிறார்கள். 3.7ஐ மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குத்தும் முறையையும் ஒருமுறை சரிபாருங்கள். வெதுவெதுப்பான நீரில் கை கழுவி, ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் ஈரமும் அளவைக் கெடுக்கும். ஸ்ட்ரிப்பைச் செருகி, கருவி தயாரான பிறகே குத்துங்கள். 15 விநாடிக்குள் முதல் துளி ஸ்ட்ரிப்பில் சேர வேண்டும், தாமதித்தால் ரத்தம் விரலிலேயே உறையத் தொடங்கிவிடும். அழுத்திப் பிதுக்கினால் திசுத் திரவம் கலக்கும், அதுவும் உறைதலைத் தூண்டும். துளி போதவில்லை என்று மேலே இன்னொன்று விடவே கூடாது: புது ஸ்ட்ரிப், வேறு விரல்.

ஆய்வகமும் தப்பாத இடமல்ல. சிட்ரேட் குழாய் (ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த மாதிரிக் குழாய்) குறையாக நிரம்பினால் ஐ.என்.ஆர். பொய்யாக உயரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி குறையாவிட்டால் ஹீமாடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் கருவியின் அளவைப் பாதிக்கும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (ரத்தக் கட்டிகளை உண்டாக்கக்கூடிய, உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்) இருப்பவர்களுக்கு விரல் பரிசோதனையை நம்ப முடியாது, ஆய்வகம்தான்.