ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் கற்பிக்கிறேன். மல்டிமீடியா பதிப்பு, டிஜிட்டல் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மின்வடிவங்களை அமைப்பது) பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். 400 மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து விழிப்புணர்வை அளப்பதாகத் திட்டம். இத்துறைக்கு எதிர்காலம் உண்டா? எந்த ஆய்விதழ்களில் எழுதலாம்? எங்கள் துறை மலரின் பிடிஎஃப்பை இணைத்திருக்கிறேன்.

கி.

அன்புள்ள கி.,

எதிர்காலம் உண்டு. இங்கே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களும் அணுகல் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆய்விதழ்களை உங்கள் நெறியாளர் சொல்வார்.

மலருக்கு வருகிறேன். அதில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். பாமினி எழுத்துரு! ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிட்ட பழைய எழுத்துரு அது. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை வைத்து வாசிக்கும் பார்வையற்ற மாணவரின் காதிலும் அந்தக் குப்பைதான் விழும். அணுகல்தன்மையை ஆராய வருகிறவர் சொந்தத் துறையின் மலரை ஒருமுறையாவது காதால் வாசித்திருக்க வேண்டாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை.

தானியங்கிச் சோதனைக் கருவிகளை நம்பாதீர்கள். தலைப்புக்குக் குறி இருக்கிறதா, படத்துக்கு விவரணை இருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 எட்டுகிறதா என்று அவை பார்க்கும். பாமினிக் குப்பையும் கருவிக்கு எழுத்துதான், தேர்ச்சி கொடுத்துவிடும்.

தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றும்போது கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் எழுத்துரு மாற்றியில் போடக் கூடாது. நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். எழுத்துரு வாரியாகப் பிரித்து, பாமினியில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தலைப்புகளை வெறுமனே பெரிதாக்காமல் பத்திப் பாணியாக (paragraph style) வையுங்கள்.

யூனிகோடில் செய்தாலும் பிடிஎஃப் காலை வாரும். கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிவதால், உள்ளேயும் சில நேரம் முன்னாலேயே பதிந்துவிடும். ‘கொடி’ என்று தேடினால் அகப்படாது. அதனால் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவிலும் வெளியிடுங்கள். அதில் மொழிக் குறி தமிழ் என்று இருக்கட்டும். ஆங்கிலம் என்று இருந்தால் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை அப்படியே தாண்டிப் போய்விடலாம்.

400 வினாத்தாள்கள் வேண்டாம். விழிப்புணர்வு போதாது என்ற முடிவு இப்போதே தெரியும். அதற்கு மூன்று வருடம் எதற்கு? உங்கள் துறையின் பத்து ஆண்டு மலர்களை எடுங்கள். எது எந்த எழுத்துருவில் இருக்கிறது, ஒரு பக்கத்தை மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த எழுத்துகள் உடைகின்றன என்று குறித்துக்கொண்டே போங்கள். பார்வையற்ற வாசகர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உரிய ஊதியமும் கொடுத்துச் செய்யுங்கள்.

முதலில் மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கின்றன என்று விசாரியுங்கள். அச்சகத்தில் இருந்தால், பக்கங்களை வடிவமைத்த பேஜ்மேக்கர் கோப்பையே கேளுங்கள். பிடிஎஃப்பைக் கொடுத்து அனுப்பினால் வாங்காமல் நில்லுங்கள்.