நிலாவெளிக் காணியை ஈடு வைப்பதற்கு முன்னர்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

உவர்மலையிலிருந்து நீங்கள் இருவரும் எழுதிய கடிதத்தையும், கடந்த வாரம் மகளுடன் நேரில் வந்தபோது பேசியவற்றையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உயிரியல் பிரிவில் இரண்டு தடவை உயர்தரப் பரீட்சை எழுதி, இரண்டாம் தடவை இரண்டு சி, ஓர் எஸ் பெற்ற பிள்ளை மூன்றாம் தடவை எழுத மாட்டேன் என்கிறாள். கிற்றாரை எடுத்தால் கீழே வைப்பதில்லை. ரொரன்ரோவிலுள்ள மாமா அவளை வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவம் படிக்க வைக்கச் சொல்கிறார். முகவர் சொன்ன தொகை ஒரு கோடியைத் தாண்டுகிறது. நிலாவெளிக் காணியை ஈடு வைத்தால் அதில் பாதிக்கு மேல் தேறும் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் இரவில் நித்திரையின்றித் தவிப்பதில் வியப்பில்லை. இரண்டு நல்ல வார்த்தை சொல்லி உங்களைத் தேற்றிவிடவும் முடியும். ஆனால் அந்தக் காணியை ஈடு வைக்காதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு உதவும்.

வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்புபவர் இங்கே வைத்தியராகப் பணியாற்ற வேண்டுமாயின் இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்குரிய பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன் பின்னரே உள்ளகப் பயிற்சி. படிப்புக்காலம், பரீட்சைக்கான காத்திருப்பு, பயிற்சி என்று செல்லும் ஆண்டுகள் முழுவதும் ஈட்டுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவையும், எனக்கு வேண்டாம் என்று உங்கள் முன்னிலையிலேயே நிதானமாகச் சொன்ன ஒரு பிள்ளையின் தலையில் சுமத்தப் பார்க்கிறீர்கள். விருப்பமுள்ளவர்களே மூச்சுத் திணறும் படிப்பு அது. நம் குடும்பத்தில் ஒரு டொக்டர் கூட இல்லையே என்று பெரிய மாமி ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மாமியின் வயதுக்கு மரியாதை கொடுங்கள். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர் மாமியல்லர்.

தாதியர் பயிற்சி, கல்வியியற் கல்லூரி, கணக்கியல், கணினி ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் எவரும் ஒரு தொழிலாக எண்ணிப் பார்த்திராத ஒன்றைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன். ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறருடைய பாடல்களுக்குக் கிற்றார் வாசித்துக் கொடுக்கும் தொழில் அது.

இதை மேடையில் வாசிக்கும் தொழிலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்ரூடியோ வாத்தியக்காரரின் முகம் எவருக்கும் தெரியாது. இசையமைப்பாளர் ஒரு தாளில் கோட்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, எழுதி நீட்டுவார். சில வேளைகளில் தாள்கூட இராது, வாயால் பாடிக் காட்டுவார். காதில் தாளத்தைக் காட்டும் கிளிக் ஓசை ஓடும். இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாம் தடவை பதிவுக்குத் தயாராக இருக்க வேண்டும். பாடகரின் குரல் வரும் இடத்தில் ஒதுங்கி, குரல் ஓயும் இடத்தில் நுழைந்து, கேட்டதை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குச் செல்ல வேண்டும். முற்பகலில் பக்திப் பாடல், பிற்பகலில் சவர்க்கார விளம்பரம், மாலையில் ஒரு குறும்படத்தின் பின்னணி இசை என்று நாள் போகும். ஆகவே ஒரே பாணியில் மன்னராக இருப்பவரைவிடப் பல பாணிகளிலும் பிழையின்றி வாசிப்பவருக்கே இங்கு வேலை கிடைக்கும்.

இது ஒரு தொழிலா என்று ஐயா கேட்டீர்கள். 1976 இல் இசையமைப்பாளராக அறிமுகமாவதற்கு முன்னர் இளையராஜா சென்னையில் பிறருடைய இசைக்குக் கிற்றார் வாசித்துச் சம்பாதித்தவர். இலண்டன் டிரினிற்றிக் கல்லூரியின் கிற்றார்ப் பரீட்சைகளையும் முறையாக எழுதியவர். அமெரிக்காவில் ரொமி டெடெஸ்கோ என்பவர் வாழ்நாள் முழுவதும் இதையே செய்தார். மண்டலினோ வேறொரு நாட்டின் தந்தி வாத்தியமோ கையில் தரப்பட்டால், அதன் தந்திகளைக் கிற்றாரின் முறையில் சுருதி மாற்றிக்கொண்டு கேட்ட சுரங்களை வாசித்துவிடுவார். பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்று அம்மா தயங்கினீர்கள். கரோல் கே என்ற பெண், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, 1950களின் இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக்கூடங்களில் கிற்றார் வாசிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளின் பின்னர் பேஸ் கிற்றார்க்காரர் ஒருவர் வராத நாளில் அதை எடுத்து வாசித்தார். பிறகு அந்த வாத்தியத்திலேயே அந்நகரில் அதிகம் தேடப்பட்டவர்களுள் ஒருவரானார். இவ்வளவு தூரம் போவானேன்? பரமேஷ்–கோணேஷ் சகோதரர்களின் மெல்லிசைக் குழுவைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் நம் திருகோணமலையில் இருக்கிறார்கள். இசையால் பிழைக்க நினைப்பது இந்த ஊருக்குப் புதிதன்று.

உங்கள் மகளுக்கு இது பொருந்தும் என்று நான் எண்ணுவதற்கு அவள் கிற்றாரை நேசிப்பது மட்டும் காரணமாகாது, நேசிப்பவர்கள் பலர். அன்று என் அறையில் ஒரு பஜனைப் பதிவைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு, இதற்கு வாசி பிள்ளை என்றேன். கோயில் ஆர்மோனியத்தின் சுருதி வழக்கமான சுருதியிலும் சற்று ஏறி, அடுத்த அரைச் சுரத்துக்கும் போகாமல் நடுவில் நின்றது. எவரும் சொல்லாமலே அவள் ஆறு தந்திகளையும் காதாலேயே அந்த ஆர்மோனியத்துக்கு இழுத்துச் சேர்த்தாள். பின்னர் கிற்றார்க் கழுத்தின் இரண்டாம் கட்டில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, பாடுபவர் பாடும்வரை மெல்லிய கோட்களோடு அடங்கியிருந்து, அடியின் முடிவில் மட்டும் மூன்று நான்கு சுரங்கள் வைத்தாள். தன் திறமையைக் காட்டுவதற்கு எத்தனையோ இடம் இருந்தும் அவள் காட்டவில்லை. ஸ்ரூடியோவில் காசு கொடுப்பது இந்த அடக்கத்துக்குத்தான். மேடையும் கைதட்டலும் வேண்டும் என்று ஏங்கும் பிள்ளையாக இருந்திருந்தால், இந்தத் தொழிலை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

இனி, அவள் கற்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். டிரினிற்றி ஐந்தாம் தரம் வரை படித்திருந்தும் சுரக்குறியீட்டை வாசிப்பதை அவள் தவிர்க்கிறாள். காதால் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஐந்தில் நான்கு தடவை காப்பாற்றும். ஐந்தாம் தடவை அறை நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது கைவிட்டுவிடும். ஆகவே நாளாந்தம் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை மெதுவாகவேனும் நிறுத்தாமல் வாசித்துப் பழக வேண்டும். கோட்களின் பெயர்களுக்குப் பதிலாக ஒன்று, நான்கு, ஐந்து என்று இலக்கமிட்டு எழுதும் நாஷ்வில் முறையையும் அறிந்திருப்பது நல்லது. பாடகர் திடீரென ஒரு சுரம் இறக்கிப் பாட விரும்பினால் தாளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிட்டாள் என்றீர்கள். அதை மீண்டும் தொடங்கட்டும். கட்டுகள் பொருத்திய வாத்தியத்தில் தந்தியை வளைத்தும் வழுக்கியும் கமகத்தை நெருங்கத் தெரிந்த கிற்றார்க்காரர்கள் குறைவு. புலம்பெயர்ந்த நம்மவர்கள் வெளியிடும் பக்திப் பாடல்களுக்கும் நாட்டிய இசைக்கும் அப்படிப்பட்டவர்களே தேவை.

இரண்டு தந்தி வாத்தியங்களை அவள் எளிதில் சேர்த்துக்கொள்ளலாம். கிற்றாரின் மெல்லிய நான்கு தந்திகளில் ஐந்தாம் கட்டில் கேப்போ போட்டால் கிடைக்கும் சுரங்களே உக்குலேலேயின் சுரங்கள். நான்காம் தந்தி மட்டும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மண்டலினின் தந்திகள் கிற்றாரின் தடித்த நான்கு தந்திகளின் வரிசையைத் திருப்பிப் போட்டவை. பைலாவின் ஆறு–எட்டுத் தாளம் அவள் கைக்குப் பழகியிருக்கிறது. அதன் வேரான கஃப்றிஞ்ஞாவை வாசிக்கும் பறங்கியர் குடும்பங்கள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருக்கையில், அதைப் படிக்கக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சிங்களத்தை மட்டும் கட்டாயமாகப் படிக்க வேண்டும். கொழும்பில் விளம்பர இசையும் தொலைக்காட்சி இசையும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசப்படும். அங்கே ஒரு மொழியோடு போய் நிற்பவர் பாதி வேலையை வாசலிலேயே இழப்பார்.

கொழும்பிலும் சென்னையிலும் இருந்தால்தானே வேலை என்பீர்கள். முன்னர் அப்படித்தான் இருந்தது. இன்று இசையமைப்பாளர் பாடலின் மாதிரிப் பதிவை அனுப்புகிறார்; வாத்தியக்காரர் தன் வீட்டு அறையிலிருந்து வாசித்து 24 பிற், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகத் திருப்பி அனுப்புகிறார். எல்லாக் கோப்புகளும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிடில் மறுமுனையில் இருப்பவர் அவற்றைப் பொருத்தவே ஒரு மணித்தியாலம் செலவழித்து, அடுத்த தடவை வேறொருவரைத் தேடுவார். மின் கிற்றாராயின் ஓசை சேர்த்த கோப்போடு, எதுவும் சேர்க்காத வெறும் பதிவையும் அனுப்புவது நல்ல வழக்கம். ஸ்ரமிங், அதாவது தந்திகளை ஒருசேர வருடி வாசிப்பதை, கேட்டால் ஒரே பகுதியை இரண்டு தடவை தனித்தனியே வாசித்து, இடம் ஒன்று வலம் ஒன்று என்று கொடுக்க வேண்டும். ஒரு பதிவைப் பிரதி செய்து இரு பக்கமும் வைத்தால் அந்த விரிவு வராது, ஏனென்றால் இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள மயிரிழை வேறுபாடுதான் அதைத் தருகிறது. இவற்றையெல்லாம் அவளுக்கு யாரும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டியதில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டொலர்.

செலவைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மருத்துவத்துக்குக் கடன் வாங்க வேண்டாம் என்று சொன்ன நான், இசைக்கும் கடன் வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். இப்போது அவளிடமிருக்கும் அக்கூஸ்ரிக் கிற்றார் போதும். அதற்கு மேல் ஒரு பழைய மின் கிற்றார், கிற்றாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் ஓர் ஓடியோ இன்ரர்ஃபேஸ், ஒரு மைக், மூடிய வகை ஹெட்போன், ஓரளவு நல்ல மடிக்கணினி ஆகியவை தேவை. மாமாவுக்கு உண்மையாகவே உதவும் எண்ணம் இருந்தால், விடுமுறைக்கு வருபவர் எவரிடமாவது பாவித்த மின் கிற்றார் ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் இரண்டு பிக்கப்களுள் ஒன்றாவது இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கராக இருக்கட்டும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது பெருமளவு அடக்கும். விலையுயர்ந்த கிற்றாரை அவளே கேட்டாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள். தந்திக்கான பணத்தை மட்டும் பிடித்துவைக்காதீர்கள். நம் கடற்காற்றில் இரும்புத் தந்தி விரைவில் கறுத்து ஓசை மங்கிவிடும், பதிவுக்கு முன் புதுத் தந்தி வேண்டும். கிற்றாரின் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. மாரியில் அதைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் பொதிகளோடு வைக்கச் சொல்லுங்கள்.

வருமானம் மாதச் சம்பளம் போல வராது. சில மாதங்களில் கைநிறைய வேலை இருக்கும், சில மாதங்களில் ஒன்றும் இராது. சாதாரண ஸ்ரமிங்கைக் கணினியே உருவாக்கிக் கொடுப்பதால் மலிவான வேலைகள் குறைந்துகொண்டு போகின்றன என்பதையும் நான் மறைக்கவில்லை. பல வாத்தியங்களும் பல பாணிகளும் வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான். இடைவெளியை நிரப்ப அவள் தரப் பரீட்சைகளுக்கு மாணவர்களைத் தயார்படுத்தலாம். வீட்டிலேயே வாரத்துக்கு மூன்று மாலைகள் போதும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகளின் பருவத்தில் வாசிக்கக் கேட்பார்கள். போகட்டும், ஆனால் இரவு வீடு திரும்ப வாகனம் ஏற்பாடு செய்யாத இடத்துக்குப் போக வேண்டாம்; அந்தப் பழக்கமான காசு பதிவு வேலைக்கான பயிற்சி நேரத்தைத் தின்றுவிடவும் கூடாது.

கூலியை எழுத்தில் பேசப் பழக்குங்கள், ஐயா. அலுவலகத்தில் இத்தனை ஆண்டு கோப்புகளோடு இருந்த உங்களைவிட அதைக் கற்பிக்கத் தகுந்தவர் இல்லை. 1962 இல் வெளியான முதலாவது ஜேம்ஸ் பொண்ட் படத்தின் புகழ்பெற்ற கிற்றார் இசையை வாசித்த விக் ஃபிளிக்குக்கு அன்றைய ஒருதடவைக் கூலி மட்டுமே கிடைத்தது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே வாத்தியக் கலைஞருக்கும் உரிமைகளைத் தருகிறது. ஆயினும் எந்தப் பாடலுக்கு, எத்தனை திருத்தங்களுக்கு, எவ்வளவு, பெயர் போடப்படுமா, பாதி முற்பணமா என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்புக்கொண்டாலே பெரும்பாலான சண்டைகள் வராது. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று முதல் இரண்டு பாடல்களை இலவசமாகக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம், சலுகை வேண்டுமானால் கொடுக்கட்டும்.

இசைப் பட்டப்படிப்பைப் பற்றி இப்போது அவசரப்பட வேண்டியதில்லை. மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தைப் பற்றியும், ஏ. ஆர். ரஹ்மான் 2008 இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியைப் பற்றியும் மகள் கேட்டாள். தன் உழைப்பில் ஓராண்டு சம்பாதித்த பின்னர், எதில் குறை இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். அப்போது அந்தக் குறைக்கேற்ற இடத்தைத் தேடலாம்.

அடுத்த ஆண்டு இறுதிவரை அவளுக்குக் காலம் கொடுங்கள். அதற்குள் வெவ்வேறு பாணிகளில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேற்படாத ஆறு மாதிரிப் பதிவுகள், குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களிடமிருந்து காசு பெற்றுச் செய்த சில பாடல்கள், அவர்களுள் ஒருவராவது இரண்டாம் தடவை அழைத்திருப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். இரண்டாம் அழைப்பு வராவிட்டால் மூவரும் மீண்டும் வாருங்கள்; இரண்டு சி, ஓர் எஸ் என்ற பெறுபேறு அப்போதும் செல்லுபடியாகும், அதைக்கொண்டு சேரக்கூடிய படிப்புகளின் பட்டியலை எடுத்துவைக்கிறேன். அதுவரை முகவருக்குப் பதிவுக் கட்டணம் என்று எதையும் செலுத்த வேண்டாம். மாமா தொலைபேசியில் வற்புறுத்தினால் என் இலக்கத்தைக் கொடுங்கள், அவரோடு நானே பேசுகிறேன்.