கடைசிச் சுற்றில் ஏன் தளர்கிறார்கள்?

கேள்வி: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 1 கி.மீ. சைக்கிள் போட்டியை வீடியோவில் பார்த்தேன். தங்கம் வாங்கிய கிறிஸ் ஹோய் உட்பட எல்லோருமே கடைசிச் சுற்றில் தளர்ந்துபோகிறார்கள். முதல் சுற்றில் கொஞ்சம் அடக்கி வாசித்துவிட்டு முடிவில் பாய்ந்திருந்தால் நேரம் இன்னும் குறைந்திருக்காதா? இதுகூடவா பயிற்சியாளர்களுக்குத் தெரியாது? தவிர, ஒரே ஆள் ஒரு நிமிடம் வட்டமடிப்பதில் பார்க்க என்ன இருக்கிறது? ஒலிம்பிக்கிலிருந்து இதைத் தூக்கியது சரிதானே?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தெரியும். தெரிந்துதான் தளரவிடுகிறார்கள். உங்கள் யோசனைப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

250 மீட்டர் பாதையில் நான்கு சுற்று. 60 விநாடியில் முடிக்கிற ஒருவரின் சுற்று நேரங்கள் சுமார் 18.0, 13.3, 13.9, 14.8 என்று அமையும். முதல் சுற்று நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் நீளுகிறது. இரண்டாவதில் வேகம் மணிக்கு 67 கி.மீ.யைத் தாண்டும். நான்காவதில் 61-க்கு இறங்கிவிடும். இப்போது அவர் உங்கள் பேச்சைக் கேட்டு முதல் சுற்றை 19 விநாடியில் ஓட்டுகிறார் என்று வையுங்கள். போன ஒரு விநாடியை கடைசிச் சுற்றில் மீட்க வேண்டுமானால் அதை 13.8-ல் முடிக்க வேண்டும்; அதாவது மணிக்கு 65 கி.மீ. வேகம். இந்த வேகத்தில் எதிர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். காற்றை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 61-லிருந்து 65-க்குப் போக ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். முக்கால் கிலோமீட்டர் மிதித்து முடித்த கால்களிடம் போய் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால், 67 கி.மீ. வேகத்தில் அந்த எடைக்குள் 17 கிலோஜூலுக்கு மேல் இயக்க ஆற்றல் இருக்கிறது. முழுக்க அவர் கால்களிலிருந்து போனது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மிஞ்சுகிற வேகம், பந்தி முடிந்த பின் அண்டாவில் நிற்கும் சாம்பார்தான், ஒருவருக்கும் பயனில்லை. சீக்கிரமே வேகம் பிடித்து, அதை மெல்ல மெல்லச் செலவழித்து, கோட்டில் காலியாக நிற்பதே லாபம்.

உடலும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற எரிபொருள் சுமார் 10 விநாடியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 2,000 வாட்டுக்கு மேல் உந்துகிற அந்த சக்தியை வேகம் பிடிக்கத்தான் செலவிட வேண்டும். பிற்பாடு ஆகட்டும் என்று எடுத்துவைத்தால் அதனால் பெரிய பயனில்லை. பிறகு ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரை எரிகிறது, தசையில் அமிலம் ஏறுகிறது. நீங்கள் பார்த்த தோள் ஆட்டமும் தலை ஆட்டமும் அதன் விளைவே. நீங்கள் சொல்லும் அடக்கி வாசிப்பு 4 கி.மீ. பர்சூட் என்கிற நீண்ட பாதைப் போட்டிக்குப் பொருந்தும். நாலு நிமிட வேலை அது. அங்கே சுற்றுக்குச் சுற்று ஒரே நேரம் வைப்பவரே கெட்டிக்காரர்.

ஆக, கிலோமீட்டரில் முக்கால்வாசி வெற்றி தோல்வி புறப்பாட்டில். பின்சக்கரத்தை ஸ்டார்ட் கேட் என்கிற புறப்பாட்டுக் கருவி பிடித்திருக்கும். கடிகாரம் 50-லிருந்து கீழே எண்ணும், கடைசி 5 விநாடிக்கு ஒவ்வொன்றாக ஒலி. முன்கால் பெடல் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே. எண்ணிக்கை முடியும் தறுவாயில் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கேட் விடுகிற கணத்தில் முன்னே வீச வேண்டும். முந்தினால் பூட்டிய சைக்கிளோடு மோதி, வீச்சு வீணாகி, கேட் திறக்கும்போது உடம்பு பின்னால் வந்துகொண்டிருக்கும். பிந்தினால் கடிகாரம் காத்திருக்காது. கேட் திறந்ததுமே நேரம் ஓடத் தொடங்கிவிடும். உடலை அளவுக்கு மீறிப் பின்னே வைத்து இழுத்தால் முன்சக்கரம் எழும்பி, முதல் இரண்டு மிதி கோணலாகும்.

ஷூ பெடலை விட்டுக் கழன்றால் கதையே முடிந்தது. 1996 அட்லாண்டாவில் ஆஸ்திரேலியாவின் ஷேன் கெல்லிக்கு அதுதான் நடந்தது. அப்போதைய உலக சாதனை அவர் பெயரில். புறப்பட்ட உடனே கால் நழுவியது. மறு வாய்ப்பு இல்லை. பஞ்சர், விழுதல், முக்கியப் பாகம் உடைதல் என்றால்தான் மறு ஓட்டம். ஷூவைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் பெடல் போதாதென்று மேலே ஒரு ஸ்டிராப்பையும் இறுக்கிக் கட்டுவது இந்த பயத்தால்தான்.

அடுத்தது கியர். பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது (சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும்), ஒரே கியர். போட்டி தொடங்கிய பிறகு மாற்ற வழியில்லை. முன்னே 52 பல், பின்னே 15 பல் என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சுமார் 7.3 மீட்டர். கிளம்ப எளிது. ஆனால் இரண்டாம் சுற்றின் வேகத்துக்கு நிமிடத்துக்கு 155 மிதி வேண்டும். கால் சுழலுமே தவிர உந்தாது. 60-க்கு 14 என்றால் மிதிக்கு 9 மீட்டர், அதே வேகத்துக்கு 125 மிதி போதும். ஆனால் கேட்டிலிருந்து அதை நகர்த்த மலையைத் தள்ளும் பலம் வேண்டும். முன்பு சிறிய கியரில் ஓட்டினார்கள். இன்று பலப் பயிற்சி பெருகியதால் பல்லும் பெருகியிருக்கிறது. பலம் வராமல் பல்லை மட்டும் ஏற்றுகிற இளைஞர்கள் முதல் அரைச் சுற்றிலேயே அரை விநாடியைத் தொலைக்கிறார்கள்.

மூன்றாவது, கோடு. பாதையின் உள்விளிம்பிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு கருப்புக் கோடு ஓடுகிறது; 250 மீட்டர் என்பது அந்தக் கோட்டில் அளந்தது. கிடைமட்டமாக அளந்தால் அதற்கு 30 செ.மீ. வெளியே இருக்கும்படி மேலே ஏறி ஒரு சுற்று முழுக்க ஓட்டினால் 1.9 மீட்டர் கூடுதல். நான்கு சுற்றுக்கு ஏழரை மீட்டர், நேரத்தில் 0.4 விநாடிக்கு மேல். கீழே இறங்கிக் குறுக்கு வழி பிடிக்கவும் முடியாது. திருப்பங்களில் 5 மீட்டருக்கு ஒன்றாக, 50 செ.மீ. நீள ஸ்பாஞ்சுக் கட்டைகளை வைத்துவிடுவார்கள். 40 டிகிரிக்கு மேல் சரிந்த திருப்பத்தில், கை ஏரோ பாரில் (காற்றைக் குறைக்க முன்னே நீளும் கைப்பிடியில்) கிடக்க, கண் இருட்டிக்கொண்டு வரும்போது அந்தக் கோட்டில் நிற்பது லேசான காரியமல்ல. சைக்கிள் மேலே வழுகத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் சுற்றின் முடிவில்தான். அடுத்த தடவை பார்க்கும்போது ஆளின் முகத்தை விட்டுவிட்டு முன்சக்கரத்தைப் பாருங்கள்.

ஒரே ஆள் ஓடுவதில் என்ன இருக்கிறது என்றீர்கள். நீங்கள் பார்த்த அதே ஏதென்ஸ் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோய் 1:00.711. பிரான்ஸின் அர்னோ டூர்னான் 1:00.896. ஜெர்மனியின் ஸ்டெஃபான் நிம்கே 1:01.186. நான்காவதாக நம் பழைய கெல்லி, 1:01.224. நான்கு பேருமே 2000 சிட்னியில் ஜேசன் குவீலி தங்கம் வென்ற 1:01.609-ஐ விட வேகம். ஹோய் கடைசி ஆள். தன் முறைக்கு முன்னால் மற்றவர்களின் நேரங்கள் பலகையில் ஏறுவதைப் பார்த்துவிட்டு கேட்டுக்குப் போனவர். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி 0.185 விநாடி, மேலே சொன்ன 30 செ.மீ. விலகலில் பாதி இருந்திருந்தாலே தங்கம் கைமாறியிருக்கும். இதில் பார்க்க ஒன்றுமில்லை என்றால் மன்னிக்கவும்.

ஒலிம்பிக்கிலிருந்து எடுத்தது, சுவாரசியம் இல்லை என்பதற்காக அல்ல. 2008-ல் பி.எம்.எக்ஸ். என்கிற, மேடுபள்ளப் பாதையில் சிறு சைக்கிள்கள் ஓடும் பந்தயத்துக்கு இடம் தேவைப்பட்டது. பாதைப் போட்டிகளில் எதையாவது வெட்ட வேண்டியிருந்தது, இது அகப்பட்டது. உலக சாம்பியன்ஷிப்பிலும் காமன்வெல்த்திலும் தொடர்ந்து நடக்கிறது. 2018 காமன்வெல்த்தில் ஆஸ்திரேலியாவின் மாத்யூ கிளேட்சர் 59.340-ல் ஓட்டினார். ஹோய் வேறு பிரிவுகளுக்கு மாறி 2008 பெய்ஜிங்கில் மூன்று தங்கம் அள்ளினார்.

அதற்கு முன், 2007-ல் அவர் பொலிவியாவின் லா பாஸுக்குப் போனார். 3,400 மீட்டர் உயரம், கடல் மட்டத்தை விடக் காற்றின் அடர்த்தி கால் பங்குக்கும் மேல் குறைவு. 2001-ல் டூர்னான் அதே பாதையில் வைத்த 58.875 சாதனையைக் குறிவைத்தார். கிடைத்தது 58.880. வித்தியாசத்தைத் தூரத்தில் சொன்னால் ஒரு சாண்கூட இல்லை. அதற்குப் பின் சாதனை மெக்சிகோவின் அகுவாஸ்காலியெண்டஸுக்குப் போய்விட்டது: 2013-ல் பிரான்ஸின் பெர்விஸ் 56.303, 2023-ல் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹூக்லாண்ட் 55.433.