தின்னரைத் தின்னும் நுண்ணுயிர்கள்

கேள்வி: திருநெல்வேலி பேட்டையில் மரச்சாமான்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தின்னர் நெடி தாங்கவில்லை என்று அண்டை வீட்டார் குறைபட்டுக்கொள்கிறார்கள். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டி வழியாகக் காற்றை வெளியேற்றினால், நுண்ணுயிர்கள் அந்த ஆவியைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், பேட்டை)

பதில்: உண்மைதான். ஆனால் வெறும் நார்க்கழிவு போதாது. அது படிந்து இறுகிக் காற்றை மறித்துவிடும். மக்கிய தொழுவுரமும் மரச்சில்லுகளும் கலந்து, ஈரம் காயாமல் வைத்திருக்கும் படுகையில்தான் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாக வளரும். ஆவி முதலில் அந்த ஈரத்தில் கரைந்து, பிறகு அவற்றுக்கு உணவாகிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். புதிய படுகை இதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகலாம்.

தின்னர் ஒற்றைப் பொருளன்று என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதில் பெரும்பாலும் அசிட்டோன், பியூட்டைல் அசிடேட், டொலுயீன், சைலீன் போன்றவை கலந்திருக்கும். நீரில் எளிதில் கரையும் அசிட்டோனையும், செரிக்க எளிதான அசிடேட்டையும் நுண்ணுயிர்கள் காற்று நுழையும் பக்கத்திலேயே தீர்த்துவிடும். நீரோடு ஒட்டாத டொலுயீனும் சைலீனும் படுகையில் இன்னும் தொலைவு சென்ற பிறகே சிதையும். பந்தியில் பாயசத்தை முதலில் முடிக்கும் பிள்ளைகளைப் போலத்தான். ஆகவே, அசிடேட்டின் வாழைப்பழ வாசனை அடங்கியதும் காற்று சுத்தமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தொட்டியின் அளவை டொலுயீனைக் கருதியே முடிவு செய்ய வேண்டும்.

காற்று படுகைக்குள் அரை நிமிடமாவது தங்க வேண்டும் என்று கொண்டால், மணிக்கு 1,000 கன மீட்டர் இழுக்கும் சிறிய விசிறிக்கே ஏறக்குறைய 8 கன மீட்டர் படுகை, அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் தொட்டி தேவைப்படும். பெயின்ட் அடிக்கும் தனி அறைகளின் விசிறிகள் இதைப் போலப் பல மடங்கு இழுப்பவை என்பதால், இடமில்லாத பட்டறைக்கு நீரில் கலக்கும் பெயின்ட்டுக்கு மாறுவதே மலிவு என்பது என் கருத்து.

தொட்டி கட்டுவதென்றே முடிவு செய்தால், பெயின்ட் துகள்களை முன்னதாகவே வடிகட்டிவிடுங்கள். இல்லையேல் படுகை அடைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் படுகை விரைவில் காய்ந்துவிடும் என்பதால், தொட்டிக்குள் நுழையும் காற்றை முன்பே ஈரப்படுத்துவதுடன், பட்டறை மூடியிருக்கும் நாட்களிலும் தண்ணீர் தெளித்து வாருங்கள். வெளியே போகும் காற்றைத்தான் தொட்டி சுத்தம் செய்யும். பெயின்ட் அடிப்பவர் கரி வடிகட்டி பொருத்திய முகமூடியை அணிந்தே தீர வேண்டும்.