அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைங்க: உங்க கேள்விக்கு பதில் சொல்றேன்

கேள்வி (சேலம், ஒரு அம்மா): பையனுக்கு 18 முடிஞ்சிருச்சு, அறிவுசார் குறைபாடு. பேங்க்ல கார்டியன் சர்டிபிகேட் கேக்குறாங்க. பெத்தவ நான் போதாதா?

பதில்: 18 முடிஞ்சிட்டா சட்டப்படி அம்மா அப்பா கூட தானா கார்டியன் ஆக முடியாதும்மா. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில ஒரு குழு இருக்கு, அங்க மனு போடணும். யூடிஐடி கார்டோட (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போங்க, வழி சொல்லுவாங்க. புரோக்கர்கிட்ட பத்து பைசா குடுக்காதீங்க.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகுமா?

பதில்: ஆகாது. குணமாக்குறேன்னு சொல்றவங்ககிட்டயும் பத்து பைசா குடுக்காதீங்க.

கேள்வி (திண்டுக்கல்): பொண்ணுக்கு 14 வயசு. பீரியட்ஸ் வந்தா துணியெல்லாம் கறை, பேடை பிச்சு எறியறா. கர்ப்பப்பைய எடுத்துடுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

பதில்: வேணாம்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 10வது பிரிவுல, அவங்க சம்மதம் இல்லாம குழந்தை பெத்துக்க முடியாம ஆக்குற எந்த சிகிச்சையும் கூடாதுன்னு இருக்கு. 1994ல புனே பக்கம் ஷிரூர் அரசு ஹோம்ல இருந்த அறிவுசார் குறைபாடு உள்ள பொண்ணுங்களுக்கு இப்படி எடுத்தப்போ பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. சட்டத்த விடுங்க, பழக்க முடியும். பீரியட்ஸ் இல்லாத நாள்லயே ஆரம்பிங்க. ஜட்டில பேட் வர்ற எடத்த சுத்தி சிவப்பு நூல்ல தையல் போடுங்க, அதுக்குள்ள ஒட்டணும்னு கண்ணுக்கே தெரியும். கடைசி வேலைய முதல்ல கத்துக்குடுங்க: நீங்க சுருட்டி குடுங்க, அவ குப்பைல போடட்டும். அது பழகினதும் பேப்பர்ல சுருட்டுறது, அப்புறம் கழட்டுறது. பிச்சு எறியறான்னா உறுத்துதான்னு பாருங்க, காட்டன் பேட் வாங்கிப் பாருங்க. ரத்தம் ரொம்ப போனா, வலில துடிச்சா டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு மருந்து இருக்கு.

கேள்வி (ஒரு அண்ணன் நடுவுல): நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க. நாளைக்கு எவனாவது கெடுத்துட்டா வயித்துல வாங்கிட்டு நிப்பா, அப்போ இந்த சட்டமா வரும்?

பதில்: உங்க பயம் நியாயம்ணா. ஆனா கர்ப்பப்பைய எடுத்தா கெடுக்கறவன் நிப்பானா? வெளிய தெரியாதுன்னு அவனுக்கு தைரியம்தான் வரும். தொடக்கூடாத எடம் எது, தொட்டா கத்தணும், அம்மாகிட்ட வந்து சொல்லணும்னு படம் காட்டி தினமும் சொல்லுங்க. பல நேரம் கெடுக்கறது தெரிஞ்சவன்தான், அதனால யார்கூட தனியா விடுறோம்னு பாருங்க.

அதே அண்ணன்: அவளுக்கு என்ன புரியும், சம்மதம் கேக்க?

பதில்: 2009ல சண்டிகர்ல கர்ப்பமா இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பொண்ணோட வழக்குல, கருவ கலைக்கச் சொன்ன ஹைகோர்ட் உத்தரவ சுப்ரீம் கோர்ட் நிறுத்துச்சு, அந்தப் பொண்ணு குழந்தை வேணும்னு சொன்னா, லேசான குறைபாடுதான், அவ சம்மதம் வேணும்னு தீர்ப்பு. உங்க பொண்ணுகிட்ட கேட்டுப் பாத்துட்டு புரியலன்னு சொல்லுங்க.

கேள்வி: 18 ஆச்சு, பேங்க்ல கார்டியன்...

பதில்: முதல் பதிலப் படிங்க. மூணு பேர் இதையே கேட்டாச்சு.

கேள்வி: கல்யாணம் பண்ணி வெச்சா சரியாகிடுமாமே?

பதில்: ஆகாது. மறைச்சு கட்டி வெச்சா ரெண்டு பேர் வாழ்க்கையும் போச்சு.

கேள்வி: அப்பா மத்திய அரசுல ரிட்டையர்டு. எங்களுக்கு அப்புறம் குறைபாடு உள்ள எங்க அண்ணனுக்கு என்ன வழி?

பதில்: குறைபாட்டால சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுசுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. அப்பா இருக்கும்போதே பென்ஷன் ஆர்டர்ல அண்ணன் பேர ஏத்திடுங்க. இந்த வாரமே எழுதிக் குடுங்க.