போய்வந்து என்ன செய்வீர்கள்?

ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பொருளாதார வேலையில் இருப்பவர்களுக்குமான வெளிநாட்டுப் பரிமாற்றப் பயிற்சிகள் பற்றி, குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக எட்டு வருடம். வயது 33. கைக்காசு போடாமல் அமெரிக்காவோ ஜப்பானோ போய்ப் பயிற்சி பெற வழி உண்டா?
– ஆசிரியை, தக்கலை

இரண்டுக்கும் வழி உண்டு. ஆனால் ஒன்று ஆறு வார வேலை, மற்றது ஒன்றரை வருட வாழ்க்கை.

அமெரிக்க அரசின் நிதியில் நடக்கும் ஃபுல்பிரைட் ஆசிரியர் பரிமாற்றத் திட்டங்களில் குறுகியது ஆறு வாரம். பல்கலைக்கழகத்தில் வகுப்பு, பக்கத்துப் பள்ளியில் அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து பாடம். இங்கே விண்ணப்பம் வாங்குவது 1950இல் தொடங்கப்பட்ட அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை. தலைமையிடம் டெல்லி, சென்னையிலும் அலுவலகம் உண்டு. எல்லாத் திட்டமும் எல்லா வருடமும் வராது. இந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். போன வருடப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் ('மெக்ஸ்ட்') ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை 18 மாதம். விமானக் கட்டணம், கல்விக் கட்டணம், மாத உதவித்தொகை எல்லாம் அவர்கள் செலவு. விண்ணப்பம் ஜப்பான் தூதரகம் வழியாக. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், ஐந்து வருடமாவது பள்ளியில் பணி செய்திருக்க வேண்டும். உங்கள் வயதுக்கு இனித் தள்ளிப்போடும் அவகாசம் இல்லை. முதல் ஆறு மாதம் ஜப்பானிய மொழிதான். அதன்பிறகு வகுப்புகளும் பெரும்பாலும் அந்த மொழியில்தான். ஆங்கிலத்தை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று போனால் திண்டாட்டம்.

தேர்வுக்குழு எதைப் பார்க்கிறது? உங்கள் கட்டுரையில் திரும்பி வந்தபின் உள்ள பகுதியை. "கல்வியின் மூலம் சமுதாயத்தை உயர்த்துவேன்" என்பது எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். "ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். அவர்களில் 15 பேருக்கு ஒரு பத்தியைத் தனியாக வாசிக்க வராது. வாரம் இரண்டு பீரியடில் இணைவாசிப்பு நடத்தி, மார்ச்சில் அதே பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லி அளப்பேன்" என்பது உங்களுடையதில் மட்டும் இருக்கும். பரிந்துரைக் கடிதமும் அப்படியே. "நன்னடத்தை உள்ளவர், நேரம் தவறாதவர்" என்று தலைமையாசிரியர் எழுதித் தந்தால் அது கான்டக்ட் சர்டிபிகேட். உங்கள் வகுப்பில் அவர் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், என்.ஓ.சி., விசா: எதை முதலில் செய்வது?
– அரசு ஊழியர், குழித்துறை

முதலில் பாஸ்போர்ட். அதிலும் முதலில் பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். சான்றிதழில் 'ஜே. ஷீலா', ஆதாரில் 'ஷீலா ஜே', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றக் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' (FNU, முதற்பெயர் தெரியாது) என்று எழுத வேண்டும். பிறகு அழைப்புக் கடிதத்தில் ஒரு மாதிரி, விமான டிக்கெட்டில் வேறு மாதிரி என்று பெயர் சிதறும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாகப் போட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். இனி எந்தப் படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டல்தான்.

பாஸ்போர்ட் எடுக்க அரசு ஊழியருக்கு இரண்டு வழி: அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.), அதாவது இணைப்பு 'ஜி'. அல்லது நீங்களே அலுவலகத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து அதன் நகலை வைப்பது, இணைப்பு 'எச்'. இரண்டாவதில் காத்திருப்பு குறைவு.

பாஸ்போர்ட்டுக்கான என்.ஓ.சி. வேறு, வெளிநாடு செல்வதற்கான அனுமதி வேறு, விடுப்பு வேறு. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, அனுமதி வந்த சந்தோஷத்தில் விடுப்புக்கு எழுதாமல் விமானம் ஏறினால், அந்த ஆறு வாரம் பணிக்கு வராத நாளாகிவிடும். ஆசிரியர் என்றால் கோப்பு தலைமையாசிரியரிடம் தொடங்கி, மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மேலே போகும். அழைப்புக் கடிதம், செலவு யாருடையது என்ற விவரம், தேதிகள், உங்கள் வகுப்பை யார் பார்ப்பார் என்ற ஏற்பாடு, நான்கும் ஒரே கட்டாக இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும், மறுபடி அடியிலிருந்து ஏறும்.

பலர் கேள்விப்படாத ஒன்று: வெளிநாட்டு அமைப்பு உங்கள் டிக்கெட், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை ஏற்றால் அது 'வெளிநாட்டு விருந்தோம்பல்'. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 6இன்படி, அரசு ஊழியர் மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி பெற வேண்டும். படிவம் எஃப்.சி.-2, ஆன்லைனில், புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது. துறை அனுமதிக் கடிதத்தையும் அதோடு இணைக்க வேண்டியிருப்பதால், துறைக் கோப்பு தாமதமானால் இதுவும் தாமதம்.

விசா கடைசியில். பரிமாற்றப் பயிற்சிக்கு ஜே-1. பயிற்சியை நடத்தும் அமைப்பு அனுப்பும் டி.எஸ்.-2019 என்ற தாள் கைக்கு வந்தபின்தான் நேர்காணல். அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு 'இரண்டு வருட விதி' உண்டு. திரும்பி வந்து மொத்தம் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தால்தான் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடைக்கும். மகள் வீட்டைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போவதை இது தடுக்காது.

மார்த்தாண்டம் பக்கம் ஒருவர் 'அமெரிக்க அரசின் தலைவர்கள் திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன்' என்று 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், உண்ணாமலைக்கடை

கொடுக்காதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் சர்வதேசப் பார்வையாளர் தலைமைத் திட்டத்துக்கு விண்ணப்பமே கிடையாது. தூதரகம் தானாகத் தேர்ந்தெடுத்து அழைக்கும். யாராவது அதற்கு விண்ணப்பப் படிவம் காட்டினால், ஏமாற்று என்பதற்கு அதுவே போதும்.

மகளிர் குழுக் கூட்டமைப்பில் ஒருங்கிணைப்பாளர் நான். எங்கள் பெண்கள் தேன், மிளகு விற்கிறார்கள். ஆசிரியர்களுக்கு மட்டும்தான் இதெல்லாமா?
– ஒருங்கிணைப்பாளர், குலசேகரம்

உங்களுக்காகவே இரண்டு இடங்கள் உண்டு. ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் ஆசிய கிராமிய நிறுவனம், 1973இல் தொடங்கியது. ஒன்பது மாதம், ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை. வகுப்பில் மட்டும் உட்காரவிட மாட்டார்கள். காலையில் வயல், பன்றிக் கொட்டகை, சமையல்கட்டு எல்லாவற்றிலும் முறை வேலை உண்டு. தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. அமைப்பு அனுப்ப வேண்டும், திரும்பி வந்ததும் அதே அமைப்பில் வேலை செய்ய வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில்.

இன்னொன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள கோடி (Coady) நிறுவனம், 1959இல் தொடங்கியது. அங்குள்ள மீனவர்கள் படிப்பு வட்டம் கூடிக் கணக்குப் படித்து, பிறகு கூட்டுறவு தொடங்கிய இயக்கத்திலிருந்து பிறந்தது. மீன் ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்த நம் கடற்கரை மீனவர் சங்கங்களுக்கு அது பழகிய பாதை.

திட்டத்தில் 'தேன் உற்பத்தியைப் பெருக்குவோம்' என்று எழுதாதீர்கள். ரப்பர் தளிர்க்கும் சீசனில் அவசரப்பட்டு, மெழுகு மூடாத அடையிலிருந்தே தேன் எடுப்பது உங்களுக்குத் தெரிந்த பிரச்சினை. அந்தத் தேனில் ஈரம் அதிகம். நம் உணவுத் தர விதிப்படி 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் புளித்து, நுரைத்து, பாட்டில் மூடியைத் தள்ளும். ஆகவே இப்படி எழுதுங்கள்: "12 உறுப்பினர்கள், தேனின் ஈரத்தை அளக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஒவ்வொரு எடுப்பிலும் ஈர அளவைப் பதியும் நோட்டு. 20க்கு மேல் காட்டியதைத் தனியாக வைப்போம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்த பாட்டில்களை எண்ணுவோம்." மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதையும் ஒரு வரி சேருங்கள்.

பயிற்சி முடித்து வந்தவருக்கு அங்குள்ள அமைப்பு சிறு நிதி தருகிறது. எங்கள் டிரஸ்ட் கணக்கில் போடச் சொல்லலாமா?
– டிரஸ்ட் செயலாளர், குளச்சல்

டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (மேலே சொன்ன வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லையென்றால் ஒரு ரூபாய்கூட வேண்டாம். தனி நபருக்கு வரும் உதவித்தொகையை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அமைப்புக்கு வரும் நிதிக்கு அந்த விலக்கு இல்லை. பதிவு வாங்க அமைப்பு மூன்று வருடமாவது இயங்கி, அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேரும் கணக்கு பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள்.

"பதிவுள்ள வேறு டிரஸ்டில் வாங்கி நமக்கு மாற்றித் தரட்டும்" என்பது நம் ஊரில் சாதாரணமாகச் சொல்லும் யோசனை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் தடை. மாற்றித் தருகிறவரின் பதிவும் போகலாம். புதிய அமைப்பு என்றால், குறிப்பிட்ட ஒரு நிதிக்கு மட்டும் உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. கொடுப்பவரிடமிருந்து தொகையையும் நோக்கத்தையும் சொல்லும் உறுதிக் கடிதத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்துக்கு நீங்கள் எழுதும் பதிலில், அனுமதி வரும்வரை பணத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.