நாற்பது வயதுக்கு மேல் ஊர் சைக்கிள் குழுவில் சேரலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டிய பெண். தோட்டத்தை ஒட்டிய சின்ன ஊர். மகன் ஓட்டாமல் போட்டுவிட்ட பழைய மௌண்டன் பைக் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகப் போகிறவர்களைப் பார்த்து உங்களுக்கும் ஆசை. ஆனால் ஈடுகொடுக்க முடியுமா, சிரிப்பார்களா, என்னென்ன வாங்க வேண்டிவரும் என்று தயக்கம்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஐம்பதை நெருங்குகிறேன். சில வருடங்களாக இப்படி ஒரு குழுவோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வேகத்தைப் பற்றிய கவலையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். சேருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "உங்கள் குழுவில் கடைசியாக வருகிறவர் யார்?" மெதுவாகப் போகிறவர்களை விட்டுவிடாமல், வேண்டுமென்றே எல்லாருக்கும் பின்னால் வருகிறவரைத்தான் சொல்கிறேன்.

சட்டென்று ஒரு பெயர் வந்தால் தைரியமாகச் சேரலாம். "அப்படி யாரும் இல்லை, எல்லாரும் ஒன்றாத்தான் போவோம்" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். எல்லோரும் ஒன்றாகப் போவது முதல் மேடு வரும்வரைதான்.

நான் முதலில் போன குழு அப்படிப்பட்டது. பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள்தான். எல்லோரிடமும் மெல்லிய டயர் போட்ட ரோட் பைக். பேசிக்கொண்டே கிளம்பினார்கள், கொஞ்ச நேரத்தில் முதுகுகள் சின்னதாகிக்கொண்டே போயின, ஒரு முச்சந்தியில் யாரையும் காணோம். இரண்டு பக்கமும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. தோட்டத்துக் காவல்காரர்தான் "அந்தப் பக்கம் போனாங்கம்மா" என்று கை காட்டினார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது பயிற்சிக்காகப் போகிற கூட்டம். ஆனால் அறிவிப்பில் "எல்லாரும் வரலாம்" என்று போட்டிருந்தார்களே, அதுதான் எரிச்சல்.

அதனால் புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் அறிவிப்பை நன்றாகப் படியுங்கள். எத்தனை கிலோமீட்டர், சராசரி வேகம் என்ன, எங்கே நிற்பார்கள் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். உங்கள் மௌண்டன் பைக்குக்கு மணிக்கு பதினைந்திலிருந்து இருபது கிலோமீட்டர் சரியாக இருக்கும். இருபத்தெட்டு, முப்பது என்று போட்டிருந்தால் கும்பிட்டுவிட்டு விலகிவிடுங்கள். வேகமே போடவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இப்போது நான் இருக்கும் குழுவில் கடைசியாக வருகிறவர் ஒரு சீன அங்கிள், ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார், அதனால் தமிழ் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார். "மெதுவா வா தங்கச்சி, கடை ஓடிப்போயிடாது" என்பார். எத்தனை மெதுவாகப் போனாலும் நமக்குப் பின்னால் அவருடைய சங்கிலி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது பெரிய ஆறுதல்.

அவரிடம் கற்றுக்கொண்டதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துச் சாலையில் இது கட்டாயம் உங்களுக்கும் நடக்கும். செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும், தெரியும்தானே? வெட்டிப் போட்ட மட்டை காய்ந்து சாலையோரம் கிடக்கும். அந்த முள் டயரில் ஏறினால் வெளியில் பார்த்தால் தெரியாது, நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும். அவசரக்காரர்கள் டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்புவார்கள். அரைக் கிலோமீட்டரில் புது டியூபும் போய்விடும். அங்கிள் அப்படிச் செய்ய மாட்டார். டயரைக் கழற்றி, பையிலிருந்து ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து, டயரின் உள்பக்கத்தில் மெதுவாக ஒரு சுற்று இழுப்பார். முள் இருக்கும் இடத்தில் துணி நூல் மாட்டி நிற்கும். கையால் தடவினால் விரல் கிழியும், அதற்குத்தான் துணி. அந்த இடத்தை மடக்கிப் பிடித்து, நகவெட்டியால் முள்ளைப் பிடுங்கிவிட்டு இன்னொரு சுற்று இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் டியூப்.

இதை நீங்களே செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அளவுக்குப் பொருந்தும் டியூப் ஒன்றை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அடுத்தவர் டியூப் உங்கள் சக்கரத்துக்குச் சேராமல் போகலாம். டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும், அதை அப்படியே படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள். காற்றடிக்கும் வாய் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடியாக இருந்தால் எண்ணெய் நிலையத்திலேயே காற்றடிக்கலாம். மெல்லியதாக இருந்தால் அதற்கென்று ஒரு சின்னப் பித்தளை மூடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும்.

கூட்டமாக ஓட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறிப் போகக் கூடாது. அவர் குழிக்காகச் சட்டென்று ஒதுங்கினால் இரண்டு சக்கரமும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்தான். நெருங்கிப் போனால் காற்றுத் தடை குறையும், கால் வலி மிச்சம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது பழகியவர்களுக்கு. ஆரம்பத்தில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். முன்னால் இருப்பவர்கள் "லூபாங்!" என்று கத்தினால் குழி, பின்னாலிருந்து "கெரேத்தா!" என்று வந்தால் கார். கேட்டதை நீங்களும் பின்னால் கடத்த வேண்டும். முதல் நாள் கத்த வெட்கமாக இருக்கும், அப்புறம் உங்கள் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

செம்பனைப் பழம் ஏற்றிப் போகும் லோரி வந்தால் வீரம் காட்டாமல் இடது ஓரத்தில் நின்றுவிடுங்கள். அது போன பிறகும் பாருங்கள், உதிரிப் பழம் சாலையில் நசுங்கிக் கிடக்கும், அதில் எண்ணெய். ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து நடங்கள். பெரும்பாலும் அதற்கே சலித்துப் போய்த் திரும்பிவிடும். தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் பாதை நிழலாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தனியார் இடம், குழுவில் யாராவது தோட்ட அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டு நுழையுங்கள்.

கிளம்பும் நேரம் ஆறே முக்கால் என்று இருந்தால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். நம் ஊரில் ஏழு மணி தாண்டித்தான் சரியாக வெளிச்சம் வரும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத யாரையும் எங்கள் அங்கிள் கிளம்ப விட மாட்டார்.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்க நினைத்திருப்பீர்கள். ஒட்டிய ஜெர்சி போட்டே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. டிராக் சூட், நீளமான டி-சட்டை போதும். வலது கால் பக்கம் பேண்ட் அகலமாக இருந்தால் சங்கிலியில் மாட்டும், ஒரு ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுங்கள். துப்பட்டா மட்டும் கண்டிப்பாக வேண்டாம். தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இருக்கையின் உயரத்தையும் பாருங்கள்: உட்கார்ந்து குதிகாலை மிதியின் மேல் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும். மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வைத்த உயரத்திலேயே ஓட்டினால் முழங்கால் வலிக்கும், உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நீங்களே நினைத்துக்கொள்வீர்கள்.

சிரிப்பார்களா என்றால், குழுவில் சிரிக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் கேட்பார்கள். "இந்த வயசில எதுக்கு உனக்கு சைக்கிள்?" என்று என் நாத்தனார் கேட்டார். "உங்க அம்மா அந்தக் காலத்துல சைக்கிள்லதானே ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனாங்க, யார் என்ன சொன்னாங்க?" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பழகிய பிறகு எங்கே போவது என்பது குழுவைப் பொறுத்தது. எங்களுக்குப் பிடித்தது கோலகங்சார். சுமார் இருபது கிலோமீட்டர், பெரிய மேடு இல்லை. கராய் பக்கம் விலகிப் போனால் 1900இல் கட்டி முடித்த விக்டோரியா பாலம், பேராக் ஆற்றின் மேல். இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது, பழையதின் ஓரத்து நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். கோலகங்சாரிலேயே 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் பால் மரத்துப் பிள்ளைகள், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே போனால் ஆளுக்கொரு தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், கிளப்புவதே கஷ்டம். லிந்தாங், லாசா பக்கம் மேடு அதிகம், அதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார்கள் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றது சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான், அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. எங்களோடு வரும் பெரியவர்கள் மேட்டில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் இந்தக் கதையை எடுப்பார்கள். கதைக்காக நிற்கிறார்களா, மூச்சுக்காகக் கதையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

எங்கே போனாலும் கடைசியில் ஒட்டுக்கடை உண்டு. ரொட்டி சானாய், தோசை, தே தாரேக். எரித்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டுத்தான் வீடு திரும்புவோம். நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்கள் காலையில் வர மாட்டார்கள், சில குழுக்கள் அந்த மாதம் மட்டும் இரவில் ஓட்டும். சேர்ந்த புதிதில் அந்த மாதம் வந்தால் குழு கலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பணம்? ஊர்க் குழுக்களில் பெரும்பாலும் சந்தா கிடையாது. விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997இன்படி விளையாட்டு ஆணையரிடம் பதிந்த கிளப்புகளும் உண்டு, ஆனால் நீங்கள் சொல்வதுபோல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பெரும்பாலும் ஒரு புலனக் குழு, அவ்வளவுதான். அப்படியானால் விழுந்து அடிபட்டால் குழு சார்பில் காப்புறுதி எதுவும் இருக்காது. உங்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, கொஞ்சம் பணம், வீட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். பூட்டியிருக்கும் கைப்பேசியை வைத்து உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவது மற்றவர்களுக்குச் சிரமம்.

இன்னொன்று. போன இரண்டாவது வாரமே "ஜெர்சி ஆர்டர் போடுறோம், அளவு சொல்லுங்க" என்று செய்தி வரும். உடனே பணம் கட்டாதீர்கள். குழு பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தடவை வாங்கலாம். வாங்கும்போது, வழக்கமாகப் போடும் அளவைவிட இரண்டு அளவு பெரியதாகச் சொல்லுங்கள்.